தூங்குவதற்கு ஒரு வீடு

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா மேஸ்திரி?"

"தூங்கினேங்க" என்றார் இன்பராஜ். சொல்லும்போதே கொட்டாவி வந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன.

கேள்வி கேட்ட தாமோதரன் அந்தக் கண்களையே பார்த்தார். அவர் வீட்டில் வாடகைக்குத் தங்க வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். முன்னால் வந்த இரண்டு பேரும் ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லிவிட்டு, மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

1898-ஆம் வருஷம் அது. பேத்தமங்களாவில் கத்திரிக்காய் போட்டு, மாரிகுப்பம் சுரங்கக் கேம்புக்கு வண்டியில் ஏற்றிப் போய் விற்றுக்கொண்டிருந்தவர் தாமோதரன். போன வருஷம் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வேண்டியதாயிற்று. தங்கக் கல்லைப் பொடியாக்கும் ஸ்டாம்பு மில்லின் இரும்பு உலக்கைகள் விடிய விடிய இடித்தன. அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

'பாவம், இந்த ஜனங்க எப்படித்தான் தூங்கறாங்களோ' என்று நினைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஏரிக்கரைப் பக்கம் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டால், சுரங்கத்து ஆட்கள் லீவு போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போவார்கள். வண்டியையும் காளைகளையும் விற்றுக் கட்டியும் முடித்தார். இனி கத்திரிக்காய்க்குத் திரும்பவும் வழி இல்லை.

இன்பராஜ் அந்தப் பக்கத்துப் பாலகாட் சுரங்கத்தில் மேஸ்திரி. காய்ச்சலில் விழுந்து எழுந்தவர். ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். அவருக்குக் கீழே ஐம்பது ஆட்கள். அவர் போய் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் வீடு நிறையும். முகத்தைச் சுளித்தால், பூட்டிச் சாவியை ஏரியில் எறிய வேண்டியதுதான்.

சமையலறையில் மனைவி கிருஷ்ணம்மா கேட்டாள். "இன்னாயா சொன்னாரு?"

"தூங்கினேன்னு சொல்றாரு."

"மூஞ்சப் பாத்தா தூங்கின மாதிரியா கீது? மூட்டப்பூச்சியா இருக்கும்."

"கட்டிலுக்கு முந்தாநாள்தான் வெந்நீர் ஊத்தினேன்."

"அப்போ பேய்தான்."

"மெதுவா பேசு. அவரு காதுல வுழப் போவுது."

"இன்னும் எவ்ளோ மெதுவா பேசறது? நாய எங்கண்ணன் வூட்ல வுட்டுட்ட. பக்கத்து வூட்டு சேவல காசு குடுத்து வாங்கி கொழம்பு வெச்சாச்சு. வண்ணாருங்கள அக்கரைக்குத் தொரத்திட்ட. வளையல் சத்தம் கேக்குதுன்னு நான் கையில துணி சுத்திகினு சமைக்கறேன். ஏரித் தவளைங்ககிட்டதான் நீ இன்னும் போய்ச் சொல்லல."

"அதுங்க நான் சொன்னா கேக்காதே" என்றார் தாமோதரன், வருத்தமாக.

வெளியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மாரிகுப்பம் பக்கம் வண்டி எப்போ போவும்?"

தாமோதரன் ஓடினார். "ஒரு வாரம்னு சொன்னீங்களே மேஸ்திரி?"

"உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. சாப்பாடு எங்க வூட்டு சாப்பாடு மாதிரியே கீது. ஆனா ரெண்டு ராத்திரியா கண்ண மூட முடியல. மூடினா திக்குனு எழுந்து உக்காந்துக்கறேன்."

"கெட்ட கனவா?"

"தூங்கினாதானே கனவு?"

"பூச்சி கீச்சி கடிக்குதா? காத்து பத்தலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கே இன்னான்னு புரியல. இடம் ஒத்துக்கல போல." அவருக்கும் சொல்லச் சங்கடமாக இருந்தது. "எங்க ஆளுங்க ரெண்டு பேரு ஓடியாந்தப்போ நான்தான் சிரிச்சேன். இப்போ நானும் போறேன்."

மத்தியானம் காய்கறி வண்டி ஒன்று போகும் என்றார் தாமோதரன். அதுவரை படுத்திருக்கிறேன் என்று இன்பராஜ் உள்ளே போனார். தாமோதரன் வண்டிக்குச் சொல்லத் தெருமுனைக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது வீட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தொம், தொம், தொம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். இன்பராஜ் படுத்திருந்த ரூமின் ஜன்னலுக்குக் கீழேயே உரலைப் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிருஷ்ணம்மா நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி இன்னும் போவலடி!"

"அதான் போறேன்னுட்டாரே. இனிமே யாருக்காக நான் பூன மாதிரி நடக்கணும்? நாளைக்கு ஒல வெக்க ஒரு பிடி அரிசி இல்ல." உலக்கை நிற்கவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று தாமோதரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

இன்பராஜ் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல குறட்டை.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் மூன்று தரம் கூப்பிட்டான். இன்பராஜ் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"ஐயோ பாவம், இப்போதான் மனுசனுக்குத் தூக்கம் வந்துகீது" என்று முணுமுணுத்தபடி வந்த தாமோதரன், மனைவியின் கையிலிருந்த உலக்கையை வெடுக்கென்று பிடித்து நிறுத்தினார்.

குறட்டை அறுந்தது. இன்பராஜ் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடி வந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு? மில்லு ஏன் நின்னுபோச்சு? சுரங்கத்துல யாருக்கு இன்னா ஆச்சு?"

தாமோதரன் உலக்கையைத் திரும்ப மனைவியின் கையில் கொடுத்தார்.