பரிதியின் வலி

என் தம்பி பரிதிக்கு மூன்று வயது. அவனுக்கு வரும் வலியெல்லாம் எனக்கு வந்துவிடும்படி எங்கள் இருவர் கையிலும் அம்மா வலிப்பட்டை கட்டியிருந்தாள். அவள் மில்லில் நின்றுகொண்டே வேலை செய்கிறவள். அதனால் வலியைத் தாங்க நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினெட்டு வயதுக்குள் கட்டுவது குற்றம் என்பதால் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தோம்.

போன மாதம் அவன் பச்சையாக வாந்தி எடுத்தான். வயிறு உப்பிவிட்டது. அவன் சிரித்து விளையாடினான், நான் சுருண்டு கிடந்தேன்.

"எங்கடா வலிக்குது?" என்று மருத்துவர் கேட்டார்.

"எனக்கில்ல, அக்காவுக்கு," என்றான்.

அவர் அம்மாவிடம், "இந்த வயசுப் பொண்ணுக்கு மாசாமாசம் வர்ற வலிதாம்மா. பையனுக்கு வெறும் வாயு," என்றார். அம்மா என் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் என் வலி சட்டென்று நின்றது. "அவனுக்குச் சரியாயிடுச்சுடி," என்று அம்மா சிரித்தாள். பாயில் அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

பிரேதப் பரிசோதனை செய்தவர்கள், குடலை அடைத்தது நெல்லிக்காய் அளவு கொழுப்புக் கட்டி என்றார்கள். பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருமாம். கெடுதல் இல்லாத கட்டியாம்.

அம்மா இன்னும் என் பட்டையைக் கழற்ற விடவில்லை. "வலிக்குதாடி?" என்று தினமும் கேட்கிறாள். ஆமாம் என்று சொன்னால்தான் சாப்பிடுகிறாள்.