இமயன் போகாத நாள்

இருபது வருடமாக டிவியில் ஓடும் அறிவியல் தொடரின் நாயகன் இமயன், எந்தக் காலத்துக்கும் போய்வருபவன். அவனுடைய சிறுவயது மட்டும் மர்மம். அதை எழுத வந்த புது எழுத்தாளன் டெரிக், தொடரை உருவாக்கிய ஆலிஸை அவரது கொட்டிவாக்கம் வீட்டில் சந்தித்தான்.

"ஆன்ட்டி, சோழர் காலத்துக்கே போனவன், சுனாமி வந்த அன்னைக்கு மட்டும் போகவே இல்லையே. எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கலாம்? அங்கேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"வேணாம்பா. அன்னைக்கு அவனுக்கு எட்டு வயசு. கிறிஸ்மஸுக்கு வாங்கின பந்தை எடுத்துக்கிட்டு பீச்சுக்கு விளையாடப் போனான்."

டெரிக்குக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"இமயன்... உங்க பையனா?"

"கிளிஃபர்ட்னு பேரு. அதுக்கப்புறம்தான் அவனை எல்லாக் காலத்துக்கும் அனுப்ப ஆரம்பிச்சேன்."

டெரிக் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.