பெட்டியை எழுப்பும் நேரம்

காவேரி ஆர்மோனியப் பெட்டியின் மூடியை இரண்டு முறை தட்டினாள்.

அவள் கணவன் மாதேஸ்வரன் அப்படித்தான் தட்டுவான்.

மணி நாலரை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று தெருவை அதிர வைத்துவிட்டுப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கண்ணம்மாள் இருமினாள். விழித்தாயிற்று. இனித் தாமதிக்க முடியாது.

விடிகாலையில் அவன் வாசிப்பது பைபிளில் வரும் ஒரு பழைய எபிரேயப் பாட்டு. எதிரிக்குப் பயந்து குகையில் கிடந்த ஒருவன், இருட்டிலேயே தன் வாத்தியங்களை எழுப்புகிறான். அவற்றோடு போய் விடியலையே எழுப்பிக் கடவுளைப் பாடப் போகிறேன் என்கிறான். சபையில் அதைக் கேட்ட அன்றே மாதேஸ்வரன் அதற்குச் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டான்.

“சூரியன் வந்து நம்மள எழுப்பறதா? நாமதான் அத எழுப்பணும்” என்பான்.

கண்ணம்மாள் சபைப் பக்கம் போகாதவள். “பெட்டியத் தட்டி எழுப்பறான், சூரியன எழுப்பறான், மாட்டுக்குத் தண்ணி காட்ட மட்டும் இவன எழுப்ப ஆளு வேணும். ஏண்டா, உங்க சாமிக்குக் காது மந்தமா?”

அவன் பாட்டை நிறுத்தாமலே சிரிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மூன்று மாதம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு ஒரு விடியற்காலை, இடது கையால் பெட்டியைக் காட்டினான்.

அதுவரை துருத்தியை மட்டுமே அழுத்திய கை அது. அதைக் கட்டைகள் மேல் வைத்தான். எதிரே உட்கார்ந்து காவேரி துருத்தி போட்டாள்.

மூன்றாவது அடியில் விரல் பக்கத்துக் கட்டைக்கு நழுவும். ஒரு நாளும் தவறாமல் நழுவும். கொஞ்சம் தயங்கி, சரியான கட்டைக்குத் திரும்பும்.

“இன்னிக்கும் கோட்டை வுட்டான் பாரு” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

இடுப்பு முறிந்து கண்ணம்மாளும் படுக்கைதான். ஒரே வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் தாய். இருவராலும் எழுந்து நடக்க முடியாது. காலையில் அந்தத் தப்பும் அதற்கு அவள் சொல்லும் பதிலும்தான் அவர்களுக்குள் பேச்சு.

போன மாதம் ஒரு ராத்திரி அவனுக்கு மூச்சு இழுத்தது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. அங்கிருந்து நேராக சபையின் கல்லறைத் தோட்டத்துக்கே போயிற்று. கண்ணம்மாளின் இதயம் பலவீனமாக இருக்கிறது, எதையும் பட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஊரும் வாயைக் கட்டிக்கொண்டது.

பிள்ளை இல்லை. மாமியாரும் போய்விட்டால் காவேரி என்று கூப்பிட அந்த வீட்டில் ஆள் இல்லை.

“டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம் அத்தை. அசந்து தூங்கறாரு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் நாலரைக்குப் பெட்டி முன் உட்கார்ந்தாள்.

கண்ணம்மாளின் கண்ணுக்கு நிழல்தான் தெரியும். நன்றாகத் தெரிந்திருந்தாலும் காவேரியிடம் ஒன்றும் புதிதாகக் குறைந்திருக்காது. சபையில் சேர்ந்த அன்றே பொட்டும் பூவும் வளையலும் போய்விட்டன.

மெட்டு வந்துவிட்டது. இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த விரல்கள். தப்புதான் வரவில்லை. முந்தின நாளே, துருத்தியைத் தொடாமல், சத்தமில்லாத கட்டைகளில் அந்த நழுவலை மட்டும் பழகியிருந்தாள்.

முதல் நாள் அந்தத் தப்பை வாசித்துவிட்டுக் காத்திருந்தாள்.

“இன்னிக்கும் கோட்டை வுட்டான் பாரு.”

அன்று பெட்டி மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதன்பின் நேற்று வரை ஒரு நாளும் அந்தக் குரல் வராமல் இருந்ததில்லை.

இன்றும் முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவதில் விரலை நழுவ விட்டாள். தயங்கினாள். திரும்பினாள்.

குரல் வரவில்லை.

துருத்தியில் மிச்சமிருந்த காற்று போய்ப் பெட்டி அடங்கியது.

“காவேரி.”

“என்னங்க அத்தை.”

“தப்புனதும் மூக்கால ஒரு சிரிப்பு சிரிப்பான். அத மறந்துட்டியே தாயி.”

காவேரி கட்டைகளிலிருந்து விரலை எடுத்தாள்.

“பாட்டு வராத அன்னில இருந்து எண்ணிட்டேதான் கெடக்கறேன். இன்னியோட பதினாறு நாளு. உங்க சபையில வழக்கம் இல்லாட்டிப் போவுது. அவனுக்குப் புடிச்சதா எதாச்சும் ஆக்கி வெய்யி.”

“தெரிஞ்சுமா அத்தை, தெனமும் கோட்டை வுட்டான்னு சொன்னீங்க?”

இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று.

“நான் அதச் சொல்லலைன்னா மறுநாளு நீ எந்திரிச்சிருப்பியா?”

வெளியே இன்னொரு தக்காளி வண்டி போனது.

“போதும். அந்த எடத்த இனி சரியா வாசி.”

காவேரி விரலைச் சரியான கட்டையின் மேல் வைத்தாள். துருத்தியை அழுத்தத்தான் கை எழவில்லை.