எண்பது புள்ளி

எங்கள் லண்டன் வீட்டுச் சமையலறைச் சுவரில் பிரிட்டிஷ் மீட்டர் இருக்கிறது. வீட்டுக்குள் நாங்கள் எவ்வளவு பிரிட்டிஷ்காரராக நடந்துகொள்கிறோம் என்று புள்ளி போடும்; குடியுரிமை கேட்ட எல்லா வீட்டிலும் பொருத்துவார்கள். ஒரு நாள் முழுக்க எண்பதில் நின்றால் பாஸ்போர்ட். ஆறு வருஷம் சோற்றைக் கரண்டியால் தின்று, வருகிறவர்களிடம் மழையைப் பற்றியே பேசி, எழுபத்தெட்டுக்கு வந்திருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் சாவகச்சேரியிலிருந்து போன் வந்தது. என் மனைவி தவமலரின் தம்பி செத்துப்போனான். அவள் தரையில் விழுந்து தலையிலடித்துக்கொண்டு, "ஐயோ, என்ரை ராசா!" என்று கத்தினாள். மீட்டர் எழுபத்தொன்றுக்கு இறங்கியது.

நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"அழாதையும் மலர், புள்ளி இறங்குது."

அடங்கிவிட்டாள். என் உள்ளங்கை நனைந்திருந்தது. துக்கத்தை அடக்கியதற்காக மீட்டர் நேரே எண்பதுக்கு ஏறியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு கென் ஓடிவந்தார். தலைமுறை தலைமுறையாக இந்தத் தெருவிலேயே வாழும் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரர். அவர் வீட்டில் மீட்டர் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து, மலரைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

எண் இறங்கத் தொடங்கியது.

அவருடைய வாயையும் பொத்த என் கை எழுந்தது. மலர் அதைப் பார்த்துவிட்டாள்.