பிக்கப்புக்கு என்ன உறுமல்?

"இத்தனை வருஷம் இல்லாம, இப்ப வண்டிக்கு எதுக்குடி இந்த உறுமல்?"

அக்கா கேட்டதும் நர்சரிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததும் இதே கேள்விதான்.

வீடு வீடாகச் செடிகளைக் கொண்டுபோய் இறக்க அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு பிக்கப். இருபத்திரண்டு வயசுக் கிழம். போன வாரம் அவள் புருஷன் அதன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டருக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றிப் பரணில் போட்டார். அந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டையும் எல்போவையும் மாட்டி, குழாயின் வாயை முன்பக்கக் கிரில்லுக்கு நேராகத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், வண்டி கரடி மாதிரி உறுமுகிறது.

"குளுந்த காத்து நேரா இன்ஜினுக்குள்ள போகுமாம். மைலேஜ் கூடுமாம்."

"கூடுச்சா?"

"எங்க! முன்ன எவ்வளவு குடிச்சுதோ அவ்வளவுதான் இப்பவும் குடிக்குது."

"பின்ன? சத்தம்னாலே காத தூரம் ஓடுற மனுஷனாச்சே அவரு!"

உண்மைதான். ஹாரன்கூட அடிக்க மாட்டார். நடந்து வந்தால் தரைக்கே தெரியாது. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பூனை'.

அக்கா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள்.

"என்னக்கா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எதிர் வீட்டுக்குப் புதுசா ஒரு தையல்காரி வந்திருக்காளே, கவனிச்சியான்னு கேட்டேன். அவ வந்து எத்தனை நாளாச்சு? இந்த உறுமல் ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு? கணக்குப் போட்டுப் பாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

அக்கா போய்விட்டாள். அவள் கொளுத்திப் போட்டது எரிந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் நர்சரிக்காரம்மா ஜன்னல் ஓரமாக நின்றாள். வண்டி வந்தது. கேட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே இரண்டு முறை உறுமியது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. தையல்காரி எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அந்த ஜன்னல் திட்டில் இரண்டு ரோஜாத் தொட்டிகள். இரண்டும் இவள் கையால் நட்டவை.

ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

அவர் வண்டிச் சாவியையும் செல்லையும் மேஜையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். செல்லில் வெளிச்சம் வந்தது. மெக்கானிக்கிடமிருந்து செய்தி.

'சத்தம் போதுமாண்ணே? பத்தலைன்னா சொல்லுங்க, இன்னும் கூட்டிடலாம்.'

அப்படியானால் மைலேஜ் என்று சொன்னது அத்தனையும் புளுகு!

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, செல்லைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னங்க? யார் காதுல விழணும்னு இவ்வளவு சத்தம்?"

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"முணுமுணுக்காதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க! எதிர் வீட்டுக்கு ரோஜா போயிருக்கு, ஜன்னல் திறக்குது, கை ஆட்டுறீங்க... நான் என்ன கண்ணு தெரியாதவளா? யார் காதுல விழணும்?"

அவர் நெருங்கி வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உன் காதுலதான்."

அவளுக்குப் புரியவில்லை.

"போன மாசம் வண்டியை ரிவர்ஸ்ல எடுத்துட்டு வந்தேன். நீ நாத்துத் தட்டுக்கு முன்னால குனிஞ்சு உக்காந்திருந்தே. ரிவர்ஸ் ஹாரன் கீச் கீச்சுன்னு கத்திக்கிட்டுதான் வந்துச்சு. நீ நகர்ந்துடுவேன்னு நினைச்சேன். நீ திரும்பவே இல்லை. நான் பிரேக் அடிச்சு நின்னப்போ, உன் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லை. அதுகூடத் தெரியாம நீ பாட்டுக்கு நட்டுக்கிட்டு இருந்தே."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் கவனிச்சுப் பார்த்தேன். கீச்சுச் சத்தம் எதுவும் உனக்கு எட்டலை. லாரி மாதிரி தடிச்ச சத்தம் வந்தா மட்டும் திரும்புறே. மெக்கானிக்கைக் கேட்டேன். அந்த டப்பாதான் சத்தத்தை முழுங்குது, கழட்டிட்டுக் குழாயை மாட்டுங்க, ஊருக்கே கேக்கும்னான்."

"அப்ப... அந்த ரோஜா?"

"சத்தத்துல குழந்தை தூங்க மாட்டேங்குதுன்னு அந்தம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. ரெண்டு தொட்டியைக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன். தினமும் ஜன்னலைத் திறந்து முறைக்கிறாங்க, நானும் கையைத் தூக்கிட்டு வரேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாம்ல? மைலேஜ் அது இதுன்னு எதுக்குங்க ஒளிச்சு வச்சீங்க?"

அவர் தயங்கினார். துண்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"அலமாரியில, உன் துணிக்கு அடியில, காது டாக்டரோட சீட்டைப் பார்த்தேன். தேதி போட்டு ஆறு மாசமாச்சு. நீ எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைச்சதை நான் எப்படிம்மா கேக்குறது? அதான், குறை வண்டியோடதா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."