குடைக்குள் ரெக்கார்டு

தென்காசியில் சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கிறது. துணி காயப்போட மாடிக்கு வருகிறேன். அடுத்த மொட்டைமாடியில் மைக் செட் அய்யாக்குட்டி அண்ணாச்சியும் கோமதி மதினியும் குத்தவைத்திருக்கிறார்கள். முன்னால், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நெளிந்துபோன இசைத்தட்டு. ஒரு கண்ணாடி முருகன் படத்தினுடையது. மற்றது அவர்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து கழற்றியது. மூலைகளில் செங்கல். வெயில் சூட்டில் தட்டு இளகி நிமிர வேண்டும். சாயங்காலம் கோயில் கொடைத் திருவிழா. ரெக்கார்டில் சாமி பாட்டு ஓடித்தான் கொடை தொடங்க வேண்டும். அதற்காகவே பென்டிரைவ்காரர்களை விட்டு இவரைக் கூப்பிடுகிறார்கள். சாமி பாட்டுக்கு இருப்பது இந்த ஒரு தட்டுதான். “புளியங்குடி வெயில்ல வேனுக்குள்ள இதப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கீய,” என்கிறார் மதினி. “அங்கன கொளுத்துச்சு. இங்கன வாடகைக்குக் கூப்பிட்டாலும் வெயில் நிக்கமாட்டேங்கு,” என்றபடி அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கப் போகிறார். மதினி கையைத் தட்டிவிடுகிறார். “சூட்டோட எடுத்தா திரும்ப வளைஞ்சிரும். ஆறட்டும்.” சாரல் மறுபடி விழுகிறது. சுடுகிற கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். அண்ணாச்சி குடையை விரித்துக் கண்ணாடிக்கு மேலே பிடிக்கிறார். இருவரும் நனைகிறார்கள். “கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இப்படிக் குடை பிடிக்கல,” என்கிறார் மதினி. அண்ணாச்சி குனிந்து, ஒற்றைக் கண்ணால் தட்டின் விளிம்பைப் பார்க்கிறார். “தட்டு நேரா படிஞ்சிட்டு,” என்கிறார். குடையை மட்டும் மதினி பக்கம் நகர்த்தவில்லை.