பீங்கானில் விழுந்த கறுப்புக் கோடு

இது நான் கண்டதல்ல. சுமித்திராவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நேசமலர் சொல்லக் கேட்டது. தொண்ணூற்றுநாலாம் ஆண்டு, ஒட்டுசுட்டான் பக்கம்.

“கல்லு திரும்பி வந்திட்டுது, சேர். ஆனால் ஒரு மூலை உடைஞ்சு கிடக்கு!”

விஞ்ஞான அலுமாரியைப் பூட்டவும் மறந்து ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தாள் சுமித்திரா. இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த கல் அவள் உள்ளங்கையில் மஞ்சளாக மினுங்கியது.

அதிபர் தில்லைநாதன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“வடிவம்மாதான். வேற ஆர்? கூட்டிறவளிட்டைத்தானே அலுமாரித் திறப்புக் கிடக்கு.”

“அவவே கொண்டுவந்து தந்த கல்லு, சேர். அவவின்ர காணிக்குள்ள கிணறு வெட்டேக்க வந்தது.”

“தந்திட்டுப் பிறகு மனம் கேட்டிருக்காது. நகை செய்யிற பத்தரிட்டைக் கொண்டு ஓடியிருப்பாள். அவர் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டியிருப்பார். மூலை தூளாய்ப் போனதும் பேசாமல் கொண்டுவந்து வைச்சிட்டாள். மலைநாட்டுச் சனம் மஞ்சளைக் கண்டால் விடுமே?”

“அது வெறும் பைரைட், சேர். இரும்பும் கந்தகமும்.”

“அது உமக்குத் தெரியும், பிள்ளை. அவளுக்குத் தெரியுமே? நாளையில இருந்து வேலைக்கு வரவேண்டாமெண்டு சொல்லிவிடும்.”

சுமித்திரா கல்லை மேசையில் வைத்தாள். அவள் வீட்டில் முதன்முதல் பட்டம் எடுத்தவள் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கும் இந்த மனிசன்தான் கையெழுத்து வைக்கவேண்டும்.

வாசலில் விளக்குமாறோடு வடிவம்மா நின்றாள். எல்லாம் கேட்டிருக்கும். பார்வை நிலத்தில் இருந்தது.

கதவுவரை போன சுமித்திரா திரும்பினாள்.

“சேர், அவவுக்கும் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அது பவுண் இல்லையெண்டு. போன வியாழன், உடைஞ்ச பீங்கான் கோப்பையின்ர அடியிலை, பளபளப்பில்லாத இடத்திலை, அந்தக் கல்லை உரைச்சுக் காட்டினனான். கறுப்புக் கோடு விழுந்தது. பக்கத்திலை என்ர மோதிரத்தை உரைச்சன், மஞ்சள் கோடு. வடிவம்மாக்கா யன்னலடியிலை நிண்டு பாத்தவா. ‘இந்தக் கரிக்கா ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்!’ எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவா. பிறகுதான் கல்லைப் பள்ளிக்கூடத்துக்கே தந்தவா.”

“ஓம் சேர்,” என்றாள் நேசமலர். “நாங்கள் எல்லாரும் போய்ப் பாத்தனாங்கள். நீங்கள்தான் அண்டைக்குக் கிளிநொச்சிக் கூட்டத்துக்குப் போயிட்டியள்.”



தில்லைநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார்.

“சரி, சரி. அவள் வேலையைப் பாக்கட்டும். மணியை அடிக்கச் சொல்லுங்கோ.”

முற்றத்துக்கு வந்ததும், நேசமலரும் பக்கத்தில் நிற்க, சுமித்திரா வடிவம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏனக்கா நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை? வேலையெல்லோ போகப் பாத்தது!”

“எனக்குத் தெரியும்னு நான் சொல்லியிருந்தா, தெரியாதவுங்க யாருன்னு எல்லாரும் பார்ப்பாங்க இல்லீங்களா, டீச்சர்?” வடிவம்மா குரலைத் தாழ்த்தினாள். “அய்யா வூட்டுல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. பாவம், அவருக்கும் ஒரு ஆசை.”

சொல்லிவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.

பிறகு ஒருநாள் ஒட்டுசுட்டானில் பத்தர் செல்வராசாவைத் தேடிப்போய்க் கேட்டேன். அந்தக் கல் அவருக்கு நல்ல ஞாபகம். அதிபர்தான் கொண்டுவந்தாராம். ஆருடைய கல் என்று கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழியையும் பத்தர் மறக்கவில்லை.

“எங்கட வேலைக்காரி வடிவம்மான்ர. பாவம், அவளுக்கொரு ஆசை.”